ரயில்வே கேட்டில் ஒரு பெரிய பிலிம்

அன்று காலை சின்னாளப்பட்டி நிறுத்தத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டிரைவர் மொக்கச்சாமி. அறுபது வயது. அன்றோடு வேலை முடிகிறது.

கண்டக்டர் ஜெயபால். வாயில் விசில் இல்லாத நேரத்தில் பேச்சு இருக்கும்.

பூக்காரி ராமுத்தாய். எனக்குத் தங்கச்சி மாதிரி. கூடையோடு ஏறினால் திண்டுக்கல் சேர்வதற்குள் பாதிப் பூவைப் பஸ்ஸிலேயே விற்றுவிடுவாள்.

பூட்டுப் பட்டறை ஆரோக்கியம். செய்த பூட்டுகளைச் சாக்குப் பையில் போட்டு டவுன் கடைக்குக் கொண்டுபோகிறவன். என்னை மாமா என்பான். மரியாதை அதோடு சரி.

பஸ்ஸுக்குள் மற்றவர்கள். தினமும் வருகிறவர்கள். அவரவர் சன்னலில்.

கடைசியாக நான். ஸ்டூடியோவை இழுத்து மூடிய கிழவன். என்னோடு ஒரு கேமரா, ஒரு ஸ்டாண்டு, என் பெண்டாட்டி சரசுவின் சேலை ஒன்று.

நீங்கள் கேட்டது வேறு. பெரிய பிலிம் கேமரா வாங்கப் போகிறோம், என்ன லென்ஸ் வாங்கலாம், என்ன கம்பெனி நல்லது, எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். நான் எட்டாவதோடு நின்றவன். கம்பெனி பெயரெல்லாம் எழுத்துக் கூட்டினால்தான் வரும். நடந்ததை எழுதுகிறேன். சாமான் வாங்குவதற்கு அதில் என்ன கிடைக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இது ஆரம்பித்தது என் வாயால்.

மொக்கச்சாமி ரிட்டயர் ஆகப் போகிறார், ஏதாவது செய்யணும் என்று பஸ்ஸில் பேச்சு வந்தது. வாட்ச் என்றார் ஒருவர். வேட்டி சட்டை என்றார் ஒருவர். ஜெயபால் நேராகப் போய் அவரிடமே கேட்டுவிட்டான்.

“எனக்கு ஒண்ணும் வேணாம்ப்பா. இந்த பஸ்ஸ நான் வெளிய நின்னு பாத்ததே இல்ல. நீங்க எல்லாரும் உள்ள உக்காந்திருக்கப்ப ஒரு தடவ பாக்கணும். அம்புட்டுதான்.”

நியாயமான ஆசைதான். பஸ்ஸில் ஆள் இருக்கும்போது அவர் ஸ்டியரிங்கில் இருப்பார். அவர் இறங்கும் இடத்தில் எல்லோரும் இறங்கிவிடுவார்கள்.

காலேஜ் போகிற பெண் ஒன்று, போனில் எடுத்துத் தருகிறேன் என்றது. அதோடு விட்டிருக்கலாம். நான் எழுந்து நின்றேன்.

“போன்ல எடுத்தா கடைசி சன்னல்ல இருக்கிறது மூஞ்சியா மூட்டையான்னு தெரியாது. என்கிட்ட பெரிய பிலிம் கேமரா இருக்கு. சுவரளவுக்குப் பெருசாக்குனாலும் ஒவ்வொரு மூஞ்சியும் தெளிவா நிக்கும். வீல் நட்டு கூடத் தெரியும்.”

“நட்டு தெரியிறது இருக்கட்டும் மாமா,” என்றான் ஆரோக்கியம். “இருக்கான்னு மொதல்ல பாருங்க.”

மொக்கச்சாமி சிரிக்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “நெசமாவா அண்ணே?” என்றார்.

நிஜம் என்றேன். கேமராவை நான் எட்டு வருடமாகத் தொடவில்லை. அதை அப்போது சொல்லத் தோன்றவில்லை. ஆகவே நீங்கள் வாங்க வேண்டிய முதல் சாமான் வாய்க்கு ஒரு பூட்டு. திண்டுக்கல்லில் நல்லதாகக் கிடைக்கும்.

இரண்டாவது, ஸ்டாண்டு. எனக்குத் தேக்கில் செய்த பழைய ஸ்டாண்டு ஒன்று உண்டு. தூக்கினால் முதுகு பிடிக்கும். அதை வீட்டில் வைத்துவிட்டு, கல்யாண வீடியோ எடுக்கிற பையன் வேண்டாம் என்று போட்ட அலுமினிய ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போனேன். அது ஆடி மாதம். ஆடியில் எங்கள் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும். எழுபத்தொரு ஆடி பார்த்தவன். தெரிந்துதான் போனேன்.

மூன்றாவது, தலையில் போர்த்துகிற கருப்புத் துணி. பெரிய கேமராவுக்குப் பின்னால் ஒரு மங்கல் கண்ணாடி இருக்கும். லென்ஸ் பார்ப்பது அதில் தலைகீழாக விழும். துணியைப் போர்த்தி இருட்டாக்கினால்தான் கண்ணுக்குத் தெரியும். என் வெல்வெட் துணியை எலி தின்றுவிட்டது. கிளம்புகிற நேரத்தில்தான் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

“சரசு, கருப்புத் துணி ஏதாவது இருக்கா?”

“இந்தாங்க.”

“இது சுங்குடிச் சேல.”

“கருப்பா இல்லையான்னு சொல்லுங்க. கருப்புன்னுதான கேட்டீங்க?”

கருப்புதான். சுங்குடி என்றால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கிறது. முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. சின்னாளப்பட்டியிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். நேரம் இல்லை. வாங்கிக்கொண்டு ஓடினேன்.

பஸ் வந்தது. சின்னாளப்பட்டியில் அது ஐந்து நிமிடம் நிற்கும், வழக்கமாக மொக்கச்சாமி அப்போதும் இறங்க மாட்டார். அந்த ஐந்து நிமிடத்தை நம்பித்தான் எல்லாம். மொக்கச்சாமி லேட்டாக எடுக்கிற ஆள் இல்லை. மந்திரி வந்து வழிமறித்தாலும் மணியைத்தான் பார்ப்பார். கடைசி நாளில் லேட்டானான் என்று டெப்போவில் பேச்சு வரக் கூடாது, அதை முந்தின நாளே சொல்லிவிட்டார்.

நான் சேலைக்குள் புகுந்தேன். கண்ணாடியில் பஸ் தெரியவில்லை. வானத்து நட்சத்திரம் தெரிந்தது. சேலையை நாலாக மடித்துப் போர்த்தினேன். பஸ் கொஞ்சம் தெரிந்தது. மூச்சு முட்டியது. காற்று வேறு முந்தானையைத் தூக்கிக்கொண்டு போனது.

“ஏய், இங்க பாருங்கடி, போட்டோக்கார அண்ணே சீல கட்டியிருக்காரு!” ராமுத்தாய் சன்னலிலிருந்து கத்தினாள்.

“மாமா, தலையில பூ வைக்கல?” இது ஆரோக்கியம்.

பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்கும் நல்லதாகப் போயிற்று. எல்லா முகமும் சிரித்த முகமாக இருந்தது. மொக்கச்சாமியை இறக்கி முன்படிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். ஹோல்டரைச் செருகினேன். ஹோல்டர் என்பது பிலிம் வைக்கிற சட்டம். முன்பக்கம் ஒரு தாள், பின்பக்கம் ஒரு தாள். ஒரு ஹோல்டருக்கு இரண்டு படம். நான் கொண்டுபோனது ஒரே ஒரு ஹோல்டர். ஒரு படத்துக்கு ஒரு பிலிம் போதாதா, நான் எத்தனை வருடத்து ஆள் என்ற நினைப்பு.

ஹோல்டர் மூடியை உருவினேன். எல்லோரும் இங்கே பாருங்கள் என்றேன். ஒரு குழந்தை திரும்பியது. அதைத் திருப்பச் சொன்னேன். படம் எடுக்கிற வயரை அழுத்தினேன். சத்தம் கேட்டது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்தச் சத்தம் சரியில்லை.

லென்ஸைப் பார்த்தேன். கண்ணாடியில் பார்ப்பதற்காக லென்ஸுக்குக் கதவு மாதிரி இருக்கிற ஷட்டரைத் திறந்து வைத்திருந்தேன். மூடாமலே ஹோல்டர் மூடியை உருவியிருக்கிறேன். நான் குழந்தையைத் திருப்பிக்கொண்டிருந்த நேரம் முழுக்க வெளிச்சம் பிலிமில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் கேட்டது படம் எடுத்த சத்தம் இல்லை. ஷட்டர் மூடிய சத்தம்.

இதை நீங்களும் செய்வீர்கள். செய்யாதவன் கிடையாது. மூடியை உருவும் முன் ஷட்டரைப் பார். இதற்குச் சாமான் எதுவும் வேண்டாம். கண் இருந்தால் போதும். எனக்கு இரண்டு இருந்தன.

எல்லோருக்கும் சந்தோஷம். மொக்கச்சாமி ஸ்டியரிங்கில் ஏறிவிட்டார். ஏறும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். நான் ஒன்றும் சொல்லாமல் சும்மா இருக்கலாம். ஒரு வாரம் கழித்து, லேபில் கெடுத்துவிட்டான் என்று யார் மேலாவது போடலாம். தொழிலில் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் ஹோல்டரில் இன்னொரு தாள் மிச்சம் இருந்தது. மறைத்தால் அந்தத் தாளும் வீண். சொன்னால் அவமானம். ஆனால் தாள் ஒன்று கையில் இருக்கும். நான் தாளைத் தேர்ந்தெடுத்தேன். பெரிய யோக்கியன் என்று நினைக்க வேண்டாம். கணக்குப் பார்த்தேன்.

“தம்பி, படம் விழல. நான் கெடுத்துட்டேன். இன்னொண்ணு எடுக்கணும்.”

சிரிப்பு நின்றது. ஜெயபால் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மொக்கச்சாமியும் பார்த்தார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

“பரவால்லண்ணே,” என்றார். “போட்டோ போனாப் போகுது. டைம் ஆச்சு. ஏறுங்க.”

“வீல் நட்டு தெரியும்னாரு,” என்றான் ஆரோக்கியம். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

ஏறினேன். மடக்க நேரம் இல்லை. ஸ்டாண்டு ஒரு கையில், மடிப்பு மடிப்பான தோல் துருத்தி நீட்டியபடியே கேமரா மடியில். இதற்குத்தான் பெட்டி வேண்டும். நல்ல பெட்டி, உள்ளே பஞ்சு வைத்தது. லென்ஸில் மிச்சம் பிடித்தாவது பெட்டி வாங்குங்கள். ஊர் எல்லை வேகத்தடையில் பஸ் குதித்தது. கேமரா என் மடியை விட்டு எழுந்து கம்பியில் போய் மோதியது. பின்பக்கக் கண்ணாடி மூன்றாக உடைந்து என் வேட்டியில் விழுந்தது.

“கண்ணாடி போச்சா அண்ணே?” என்றாள் ராமுத்தாய்.

“போச்சு.”

“அப்ப இனிமே எடுக்க முடியாதா?”

எடுக்கலாம். பிலிமுக்குக் கண்ணாடி தேவை இல்லை, எனக்குத்தான் தேவை. கண்ணாடி இல்லாவிட்டால் படம் தெளிவாக விழுமா மங்கலாக விழுமா என்று பார்க்க வழி இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி. இதை அவளிடம் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

திண்டுக்கல் வருவதற்குள் ஒரு ரயில்வே கேட் உண்டு. நாங்கள் நெருங்கும்போது மணி அடித்தது. கேட் இறங்க ஆரம்பிக்கவில்லை. தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். அந்த மணிக்கும் கேட் இறங்குவதற்கும் நடுவில் மொக்கச்சாமி ஒரு மிதி மிதித்துத் தாண்டிவிடுவார். லேட்டாகாத ரகசியமே அதுதான்.

அன்று அவர் மிதிக்கவில்லை. பஸ் மெதுவாக ஊர்ந்தது. கேட் இறங்கியது.

ஜெயபால் முன்னால் வந்து எட்டிப் பார்த்தான். “அண்ணே, போயிருக்கலாமே?”

“போயிருக்கலாம்.”

“அப்பறம்?”

“கேட்டு போட்டா அது ரயில்வே கணக்கு. நம்ம கணக்கு இல்ல.” இஞ்சினை அணைத்தார். திரும்பி என்னைப் பார்த்தார். “எம்புட்டு நேரம் வேணும்ணே?”

எழுந்தேன். வாயைத் திறந்து பெருமையாக ஒன்றும் சொல்லவில்லை. அந்த மட்டும் தேறியிருந்தேன்.

ரோட்டின் அந்தப் பக்கம், வேலி ஓரம் போய் ஸ்டாண்டை நட்டேன். காற்று அதை நாணல் மாதிரி ஆட்டியது. பைக்கில் வந்தவர்கள் எங்கள் பஸ்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் புகுந்து கேட்டுக்கு முன்னால் நிற்க வந்தார்கள். ஜெயபால் இறங்கி விசில் ஊதிக் கையைக் குறுக்கே போட்டான்.

“என்னண்ணே, செக்கிங்கா?” என்றான் ஒருவன்.

“செக்கிங்தான். ஹெல்மெட் எங்க?”

அவன் வண்டியைப் பின்னால் தள்ளினான். மற்றவர்களும் தள்ளினார்கள்.

“ஆரோக்கியம், அந்தப் பையக் கொண்டாடா!”

பூட்டுப் பையைக் கொண்டுவந்து ஸ்டாண்டின் நடுவில் தொங்கவிட்டோம். ஸ்டாண்டு பூமியில் அறைந்த மாதிரி நின்றது. “ஒரு பூட்டுக் கொறஞ்சாலும் உங்க வீட்டுப் பூட்டக் கழட்டிருவேன் மாமா,” என்று சொல்லிக்கொண்டே ஓடிப் போய்ச் சன்னலில் உட்கார்ந்தான். லேசான ஸ்டாண்டு வாங்குகிறவர்கள் ஒரு பையும் வாங்குங்கள். கல்லோ மண்ணோ, போகிற இடத்தில் ஏதாவது கிடைக்கும்.

இப்போது தூரம். என் கேமராவின் அடிப்பலகையில் பழைய நாளில் கத்தியால் கோடு போட்டு வைத்திருந்தேன். முப்பதடிக்கு ஒரு கோடு, நாற்பதடிக்கு ஒரு கோடு. தூரம் தெரிந்தால் லென்ஸை அந்தக் கோட்டுக்கு நகர்த்தி வைக்கலாம், கண்ணாடியே வேண்டாம். நான் வாழ்க்கையில் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. ஆனால் அளக்க டேப் இல்லை. டேப் வீட்டில், தேக்கு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது.

மேகம் மூடியிருந்தது. சன்னலுக்கு உள்ளே முகமெல்லாம் இருட்டு. லென்ஸை நன்றாகத் திறந்தால்தான் முகம் விழும். அப்படித் திறந்தால் தூரம் கொஞ்சம் பிசகினாலும் மங்கல். பத்தடி பிசகினால் மூஞ்சியும் மூட்டையும் ஒன்றுதான்.

“ராமுத்தாய், பூ கட்டுற கயித்துக்கண்டு இருக்கா?”

கயிற்றோடு இறங்கி ஓடி வந்தாள். ஒரு நுனியை ஜெயபால் பஸ் சன்னலில் பிடித்தான். மறு நுனியை நான் லென்ஸுக்கு நேராகப் பிடித்து இழுத்தேன். பிறகு அவள் கயிற்றை வாங்கி முழங்கையிலிருந்து விரல்நுனி வரை வைத்து, வைத்து, ஓட்டினாள். பூ அளக்கிற கை. கண் பார்க்கும் முன்னே கயிறு ஓடியது.

“இருவத்தாறு முழம்ணே.”

ஒரு முழம் ஒன்றரை அடி. இருபத்தாறு முழம் நாற்பதடிக்குக் கிட்ட வரும். ஆனால் ராமுத்தாயின் முழம் எங்கள் பஸ்ஸில் பேர்போனது. விரலை மடக்கிக்கொண்டு அளப்பாள். அவள் முழத்தில் பூ வாங்கினால் கொண்டையைச் சுற்றி வராது, காதோடு நின்றுவிடும். அந்த முழமாக இருந்தால் இது முப்பது சொச்சம்தான். எந்தக் கோட்டில் வைக்க? தூரத்தில் ரயில் கூவியது. இன்னும் செத்த நேரத்தில் வண்டி வந்துவிடும். வந்தால் தரை அதிரும். போனால் கேட் திறக்கும்.

“தங்கச்சி, கோவிச்சுக்காத. இது நீ விக்கிற முழமா, ஊர் முழமா?”

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. சண்டைக்கு வாயெடுத்தாள். பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள். மொக்கச்சாமி இறங்கி டிரைவர் சன்னலுக்குக் கீழே நின்றிருந்தார்.

“டிரைவர் அண்ணனுக்கு அளந்ததுண்ணே இது,” என்றாள்.

நாற்பதடிக் கோட்டில் வைத்தேன்.

காலடி வைத்து நடந்து நானே அளந்திருக்கலாம். அது எனக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது. நீங்கள் ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கேமராவிலேயே கட்டி வையுங்கள். அது விலைக்கு வராது, யாரும் விளம்பரமும் செய்ய மாட்டார்கள். அதனால்தான் நீங்கள் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

ராமுத்தாய் ஓடி ஏறினாள். ஜெயபால் ஏறிக் கடைசிச் சன்னலுக்குப் போனான். ஷட்டரைப் பார்த்தேன். மூடியிருந்தது. மறுபடி பார்த்தேன். ஹோல்டரைத் திருப்பிச் செருகி மூடியை உருவினேன். அப்போது பார்த்தால் மொக்கச்சாமி பஸ்ஸுக்குப் பக்கத்தில் இல்லை. ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்துகொண்டிருந்தார்.

“தம்பி, போ, போ. பஸ்ஸுகிட்ட நில்லு. நீ படத்துல இருக்கணும்.”

“வேணாம்ணே. நான் இங்குட்டு நிக்கிறேன்.”

“நீ இல்லாம என்னப்பா படம்?”

“என்னைய நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்,” என்றார். என் பக்கத்தில் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸைப் பார்த்து நின்றுவிட்டார்.

தண்டவாளத்தில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவரை இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தவா, அழுத்தவா? இருந்தது ஒரு தாள். படம் யாருக்கு என்று ஒரு நொடி யோசித்தேன். சன்னலெல்லாம் அவரைத்தான் பார்த்தது, என்னை யாரும் பார்க்கவில்லை. நான் இங்கே பாருங்கள் என்று சொல்லத் தேவையே இருக்கவில்லை.

அழுத்தினேன். மூடியைச் செருகினேன். ரயில் வந்தது.

ரயில் போகிற வரைக்கும் அவர் அங்கேயே நின்றார். நான் ஸ்டாண்டிலிருந்து பூட்டுப் பையைக் கழற்றினேன். கேட் ஏறியதும் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். திண்டுக்கல்லுக்குப் பஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எப்படி ஓட்டினார் என்று கேட்காதீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு ஹோல்டரை மார்போடு பிடித்திருந்தேன்.

பிலிமை என் வீட்டுக் குளியலறையில் கழுவினேன். சரசு வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். பெரிதாக்குவதற்கு டவுனில் பேனர் அடிக்கிற கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர் தலை நிமிராமலே கேட்டார்.

“கண்ணீர் அஞ்சலியா, பொறந்த நாளா?”

“ரெண்டும் இல்ல. பஸ்ஸு.”

நிமிர்ந்து பார்த்தார். திரையில் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். முகம் முகமாக வந்தது. வீல் நட்டும் வந்தது. அதில் ஒன்றைக் காணோம். ஆரோக்கியத்திடம் இதுவரை சொல்லவில்லை.

படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு செம்பட்டிக்குப் பக்கத்தில் மொக்கச்சாமி வீட்டுக்குப் போனேன். கட்டிலில் கொள்ளவில்லை. தரையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தோம். அவர் மண்டி போட்டு உட்கார்ந்தார். டிரைவர் சன்னல் காலியாக இருந்தது. அதைத் தாண்டி விரலை வைத்தார். சன்னல் சன்னலாக நகர்த்திக்கொண்டு போனார். ரயில் சத்தத்துக்குத் திரும்பி முகம் கலைந்துபோன ஒருவர் இருந்தார். நான், அது சரியாக விழவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அங்கேயும் விரலை வைத்தார். கடைசிச் சன்னலில் ஜெயபாலிடம் வந்து நிறுத்தினார். பேர் எதுவும் சொல்லவில்லை. தலை எண்ணிக்கையை மட்டும் சொன்னார்.

முப்பத்தெட்டு.